மௌனா கேயா: ஏறாமல் விட்ட கடைசி மேடு

மௌனா கேயா உச்சியில் சூரிய அஸ்தமனம் காட்டுகிறோம் என்று விளம்பரம் செய்யும் சுற்றுலா வண்டிகள் உச்சிக்குப் போவதில்லை. பக்கத்தில் போய் நிறுத்திவிடுகின்றன. தொலைநோக்கிக் கட்டடங்களை ஒட்டி வண்டி நிற்கும் மேட்டிலிருந்து பார்த்தால் எதிரே செம்பழுப்பு நிறத்தில், எரிமலைக் கசடு குவிந்த ஒரு கூம்பு தெரியும். இடையில் சின்னதாக ஒரு பள்ளம். அந்தக் கூம்பின் தலைதான் 4,207 மீட்டர், ஹவாய்த் தீவுகளிலேயே உயரமான இடம். பூ வேக்கியு என்று பெயர். வேலி கிடையாது, காவலுக்கு ஆள் கிடையாது, கால்தடம் பதிந்த ஒற்றையடிப் பாதைகூட இருக்கிறது. ஆனாலும் ஏற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். இவ்வளவு பணம் கட்டி, இவ்வளவு தூரம் வந்து, கடைசிக் கொஞ்ச தூரத்தை விட்டுவிட்டுத் திரும்பியதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. கூட வந்த அத்தைக்கு அதில் வேறு கருத்து.

அத்தை என்றால் என் மாமியார். குடும்பத்தோடு ஹவாயின் பெரிய தீவுக்குப் போயிருந்தோம். இந்தப் பயணத்தைத் தேடிக் கண்டுபிடித்தது என் மனைவிதான். ஆனால் 13 வயதுக்குக் குறைந்தவர்களை இந்தச் சுற்றுலாக்களில் மேலே கூட்டிப்போவதில்லை, எங்கள் மகளுக்கு ஏழு. யாராவது ஒருவர் அவளோடு, நாங்கள் தங்கியிருந்த கோனாவில் இருந்தாக வேண்டும். “நீங்க அம்மாவைக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க, நட்சத்திரம்னா அவங்களுக்குத்தான் பைத்தியம்” என்று விட்டுக்கொடுத்துவிட்டாள்.

அது சும்மா சொன்னதில்லை. அத்தை வாணியம்பாடிப் பக்கம் அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வானாய்வகத்துக்கு வருஷா வருஷம் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனவர். 1977-இல் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் இருப்பது தெரியவந்தபோது அந்த நிகழ்வைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. எங்கள் கல்யாணத்துக்கு முன்பு நான் பெண் பார்க்கப் போன அன்றே இந்தத் தகவல் எனக்குச் சொல்லப்பட்டுவிட்டது.

சொந்தமாகக் கார் ஓட்டிக்கொண்டும் மேலே போகலாம். நான்கு சக்கர இழுவை உள்ள வண்டி வேண்டும், வாடகைக் கார்க்காரர்கள் பலர் அந்தச் சாலைக்கு அனுமதிப்பதில்லை, இருட்டில் இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்ப முடியாது. இத்தனை யோசிப்பதற்கு வழிகாட்டியோடு போவதே மேல். ஆளுக்கு 200 டாலருக்கு மேல் ஆகிறது. அதற்கு மேல் டிப்ஸ். இதை அத்தையிடம் ரூபாயில் சொல்லக் கூடாது என்று வீட்டில் முன்பே பேசிவைத்திருந்தோம்.

வண்டியில் ஏறியதும் ஒரு படிவம் கொடுத்தார்கள். இதய நோய், மூச்சுக் கோளாறு, கர்ப்பம், கடந்த 24 மணி நேரத்தில் காற்று சிலிண்டரோடு கடலுக்குள் முங்கியது, இதெல்லாம் உண்டா என்று கேள்விகள். காலையில் கடலில் முங்கிவிட்டு மாலையில் மலை ஏறுவது ஹவாயில் ரொம்ப சுலபம், அதனால்தான் அந்தக் கடைசிக் கேள்வி. அழுத்தத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் முழுசாக வெளியேறுவதற்குள் காற்றழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால் அது குமிழாகிவிடும். “சோடா பாட்டிலைத் திறக்கற மாதிரி” என்று அத்தை படிவத்தைப் பார்த்தபடியே எனக்குப் பாடம் நடத்தினார். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டுவிட்டு, பையிலிருந்து குரங்குக் குல்லாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வெளியே 29 டிகிரி வெயில்.

கோனாவிலிருந்து தீவின் நடு வழியாகப் போகும் சாலையை சேடில் ரோடு என்கிறார்கள். ஒரு பக்கம் மௌனா கேயா, மறுபக்கம் மௌனா லோவா, நடுவில் தாழ்ந்த நிலம். வழியெல்லாம் கறுப்பு எரிமலைப் பாறை. ஓரிடத்தில் வழிகாட்டி வேகத்தைக் குறைத்து, மௌனா லோவாவின் சரிவில் மற்றதைவிடக் கறுப்பாக ஓடும் ஒரு பட்டையைக் காட்டினார். 2022 நவம்பரில் மௌனா லோவா 38 ஆண்டுகளுக்குப் பிறகு வெடித்தபோது வழிந்த குழம்பு. இந்தச் சாலையை எட்டுவதற்கு மூன்று கிலோமீட்டர்கூட மிச்சமில்லாத இடத்தில் நின்றுவிட்டது.

எரிமலை என்றதும் நெருப்பை எதிர்பார்த்து வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: மௌனா கேயாவில் நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. கடைசியாக அது வெடித்தது சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன்பு. செத்த மலை இல்லை, தூங்குகிற மலை. இன்னொரு முறை எழும் என்றுதான் நிலவியலாளர்கள் சொல்கிறார்கள். நெருப்பு பார்க்க வேண்டுமென்றால் அதே தீவில் கீலவேயா இருக்கிறது. இங்கே வருவது உயரத்துக்காக. கடலுக்கு அடியில் இருக்கும் அடிவாரத்திலிருந்து அளந்தால் இந்த மலை 9,000 மீட்டருக்கும் மேல்; எவரெஸ்டைத் தாண்டிவிடும்.

வழியில் ஒரு பழைய மாட்டுப் பண்ணையில் சாப்பாடு. சைவம் என்று முன்பே சொல்லியிருந்ததால் பீன்ஸ் சூப்பும் ரொட்டியும் வந்தன. அத்தை ஊறுகாய் கொண்டுவந்திருந்தார்.

பிறகு 2,800 மீட்டர் உயரத்தில் பார்வையாளர் நிலையம். இங்கே அரை மணி நேரத்துக்கு மேல் நிறுத்திவிடுவார்கள், உடம்பு உயரத்துக்குப் பழக வேண்டும். நிலையத்துக்கு எலிசன் ஒனிசூக்காவின் பெயர். இந்தத் தீவிலேயே, கோனா பக்கம் பிறந்து விண்வெளி வீரரானவர். 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்தபோது இறந்த ஏழு பேரில் ஒருவர். அவர் படத்துக்கு முன்னால் அத்தை கொஞ்ச நேரம் நின்றார். காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கியை ராஜீவ் காந்தி திறந்துவைத்ததும் அதே மாதம். “அந்தச் சந்தோஷம் அடங்கறதுக்குள்ள இந்தச் செய்தி வந்துச்சு. வகுப்புல எப்படிச் சொல்றதுன்னே தெரியல” என்றார்.

அங்கிருந்து மேலே சுமார் 13 கிலோமீட்டர். பாதிக்கு மேல் மண்சாலை, கொண்டை ஊசி வளைவுகள். மரங்கள் நின்றுபோகின்றன, புதர்கள் நின்றுபோகின்றன, அப்புறம் சிவப்பும் பழுப்புமாகக் கூம்புகள் மட்டும். அப்பல்லோ வீரர்களுக்கு நிலவில் கல் பொறுக்கப் பயிற்சி கொடுத்த நிலம் இது. மேலே நெருங்கியதும் திடீரென்று தார்ச்சாலை வருகிறது. பயணிகளின் சொகுசுக்காக இல்லை, தூசி எழுந்து தொலைநோக்கிக் கண்ணாடிகளில் படியக் கூடாது என்பதற்காக. சாலைகூட அவற்றுக்குத்தான்.

கதவைத் திறந்து இறங்கியதும் முதலில் தெரிந்தது குளிர் இல்லை, மூச்சு. கடல் மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் அறுபது சதவீதம்தான் அங்கே. நிறுவனம் கொடுத்த தடிமனான கோட்டின் ஜிப்பை இழுத்துப் போடுவதே ஒரு வேலையாகிவிட்டது. ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நடுவில் மூச்சு வாங்க வேண்டியிருந்தது. எங்கள் வண்டியில் வந்த ஓர் இளைஞர் உற்சாகத்தில் பத்தடி ஓடிவிட்டு, முட்டியில் கை ஊன்றிக் குனிந்து நின்றார். வழிகாட்டி ஒன்றும் சொல்லாமல் போய் அவர் முதுகில் கை வைத்து நின்றுகொண்டார். அத்தை குரங்குக் குல்லாவுக்கு மேல் கோட்டின் தலைமூடியையும் போட்டுக்கொண்டு, ஓர் அடிக்கு ஒரு மூச்சு என்று கணக்காக நடந்தார்.

மேகம் எங்களுக்குக் கீழே ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஆழத்தில் கிடந்தது. இந்தத் தீவுகளின் மேல் வீசும் வணிகக் காற்றில் ஓர் உயரத்துக்கு மேல் சூடான காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்கிறது. ஈரமும் மேகமும் அதைத் தாண்டி வருவது அபூர்வம். தொலைநோக்கிகள் இந்த மலையைத் தேடி வந்ததற்கு அந்த மூடிதான் முக்கியக் காரணம். சூரியன் மேகப்பரப்பைத் தொட்டதும் எல்லோரும் மேற்கே போனை நீட்டினார்கள். அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மேகத்தில் சூரியன் முங்குவதை விமானத்தின் ஜன்னல் வழியாகவும் பார்த்திருக்கிறோம்.

“இப்ப எல்லாரும் திரும்புங்க” என்றார் வழிகாட்டி.

கிழக்கே, ஹிலோ பக்கத்து மேகத்தின் மேல், மலையின் நிழல் விழுந்திருந்தது. கருநீலத்தில், விளிம்பு நறுக்கென்று, கூரான முக்கோணம். சூரியன் இறங்க இறங்க அந்த முனை அடிவானத்தைத் தாண்டி வானத்தில் ஏறியது. விஷயம் என்னவென்றால் மௌனா கேயா கூரான மலையே இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் கவிழ்த்துவைத்த கேடயம்போல மழுங்கலாக, தலையில் சின்னச் சின்னக் கூம்புகளோடு இருக்கும். அதன் நிழல் எப்படி இவ்வளவு கூராக விழும்? கேட்டேன். வழிகாட்டி வாய் திறப்பதற்குள் அத்தை பதில் சொல்லிவிட்டார். நிழல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு நீண்டு கிடக்கிறது, நாம் அதன் ஒரு நுனியில் நிற்கிறோம். தண்டவாளம் தூரத்தில் ஒன்றுசேர்கிற மாதிரி நிழலின் இரண்டு ஓரங்களும் ஒன்றுசேர்ந்து தெரிகின்றன. மலை என்ன உருவத்தில் இருந்தாலும் உச்சியில் நிற்பவருக்கு நிழல் முக்கோணமாகத்தான் தெரியும். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் வழிகாட்டி சிரித்துக்கொண்டே தன் ஒலிபெருக்கியை அத்தையிடம் நீட்டினார்.

எனக்கு அந்த மாலையில் பிடித்த நேரம் அதுதான். தனியாக வந்திருந்தால் மேற்கையே பார்த்துவிட்டுக் காருக்கு ஓடியிருப்பேன்.

இதற்கு நடுவில் இரண்டு பேர் அந்தக் கூம்பை நோக்கி நடக்க ஆரம்பித்தார்கள். வழிகாட்டி அவர்களைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: இந்த மலை ஹவாய்ப் பூர்வகுடிகளுக்குத் தெய்வம். பனியின் தேவி பொலியாஹு இங்கே இருக்கிறாள். அந்தக் கூம்பின் மேலே மரத்தால் கட்டிய படையல் மேடை இருக்கிறது, படைப்பவர்கள் அதற்காக ஏறுகிறார்கள். போட்டோவுக்காக ஏற வேண்டாம். இன்னொன்று, அந்தக் கசட்டுக் கற்களுக்கு இடையில் வேக்கியு என்று ஒரு பூச்சி இருக்கிறது, அரை சென்டிமீட்டர்தான். உலகத்தில் வேறெங்கும் கிடையாது. கீழேயிருந்து காற்றில் அடித்துவரப்பட்டுக் குளிரில் சாகும் பூச்சிகளை உறிஞ்சிச் சாப்பிட்டு உயிர் வாழ்கிறது. நாம் மிதித்தால் அதன் வீடு பொடியாகிவிடும்.

போனவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். கயிலாயத்தைச் சுற்றித்தான் வருகிறார்கள், உச்சியில் யாரும் ஏறுவதில்லை என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. அத்தை மட்டும் கூம்பையும் பார்த்தார், எங்களுக்குப் பின்னால் இருந்த கட்டடங்களையும் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் தொலைநோக்கிகளின் குவிமாடங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. உள்ளே இருக்கும் காற்று வெளிக்காற்றின் குளிருக்கு வந்தால்தான் பிம்பம் அலையாமல் இருக்கும், அதனால் இருட்டுவதற்கு முன்பே திறந்துவிடுகிறார்கள். ஜப்பானின் சுபாரு உருளைபோல. ஜெமினி வெள்ளியாய் மின்னுகிறது. கெக் இரட்டை வெள்ளைக் குவிமாடம். ஒவ்வொன்றுக்குள்ளும் 36 அறுகோணத் துண்டுகளைச் சேர்த்துச் செய்த 10 மீட்டர் கண்ணாடி. நெப்டியூனுக்கு அப்பால் பனி உருண்டைகள் சுற்றும் கைப்பர் பட்டையில், புளூட்டோவை விட்டால் முதல் பொருளை 1992-இல் இங்கேதான் கண்டுபிடித்தார்கள். நம் பால்வீதியின் நடுவில் பெரும் கருந்துளை இருப்பதைக் காட்டி 2020-இல் நோபல் பரிசில் பங்கு பெற்ற ஆண்ட்ரியா கெஸ் பயன்படுத்தியதும் கெக்கைத்தான். அத்தை கையுறையைக் கழற்றிவிட்டு கெக்கின் சுவரை ஒரு தடவை தொட்டார். கோயில் தூணைத் தொடுகிற மாதிரிதான் தொட்டார் என்று பிறகு நான் சொன்னபோது ஒத்துக்கொள்ளவில்லை.

சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குள் பொதுமக்கள் இறங்கிவிட வேண்டும். முகப்பு விளக்கு வெளிச்சம் தொலைநோக்கிகளுக்குத் தொல்லை. இறங்கும்போது, இந்தியாவா என்று வழிகாட்டி கேட்டார். ஆமாம் என்றேன். “அப்படியானால் முப்பது மீட்டரில் நீங்களும் பங்குதாரர்” என்றார். குரலில் கோபம் இல்லை.

அவர் சொன்னது முப்பது மீட்டர் தொலைநோக்கியை. 492 துண்டுகளைச் சேர்த்து 30 மீட்டர் கண்ணாடி. இந்த மலையில் கட்டுவதென்று 2009-இல் முடிவானது. அமெரிக்கா, ஜப்பான், கனடாவோடு இந்தியாவும் உறுப்பினர். 2014-இல் மத்திய அமைச்சரவை சுமார் 1,300 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. பெங்களூரை ஒட்டிய ஹொசக்கோட்டையில் கண்ணாடித் துண்டுகளை மெருகேற்ற ஒரு கூடம் அமைந்தது; அதை நடத்துவது, காவலூரை நடத்தும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனம். ஆனால் மலையில் ஒரு கல்கூட எழும்பவில்லை. 2019 ஜூலையில் வேலை தொடங்க இயந்திரங்கள் வந்தபோது அடிவாரச் சாலையில் பூர்வகுடிப் பெரியவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். கூட்டம் கலையவில்லை, மாதக்கணக்கில் அங்கேயே தங்கியது. மலையை நிர்வகிக்க, பூர்வகுடிகளுக்கும் இடம் கொடுத்து ஒரு புதிய ஆணையத்தை 2022-இல் சட்டம் போட்டு உருவாக்கினார்கள். 2024-இல் பழைய தொலைநோக்கிகள் இரண்டைப் பிரித்தெடுத்தார்கள். முப்பது மீட்டர் திட்டம் மட்டும் அப்படியே முடங்கி நிற்கிறது.

“நீங்கள் எந்தப் பக்கம்?” என்று வழிகாட்டியிடம் கேட்டேன். தன் சித்தி அந்தச் சாலையில் உட்கார்ந்தவர், தம்பி ஒரு தொலைநோக்கியில் எலெக்ட்ரீஷியன் என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பார்வையாளர் நிலையத்துக்குக் கொஞ்சம் கீழே ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி, ஒரு தொலைநோக்கியைப் பொருத்தி, ஹாட் சாக்லேட் கொடுத்தார்கள். அமாவாசையை ஒட்டிப் போயிருந்தோம்; போகிறவர்கள் அந்த நாளைப் பார்த்தே பதிவு செய்யுங்கள். மே மாதம் என்பதால் தெற்கே தெற்குச் சிலுவை நின்றது. அமெரிக்கப் பயணிகள் முதல்முறையாகப் பார்த்து ஆரவாரம் செய்தார்கள், ஹவாயை விட்டால் அவர்கள் நாட்டில் அதைச் சரியாகப் பார்க்க இடம் குறைவு. அத்தை அசரவில்லை. “நம்ம ஜவ்வாது மலையில இதைவிட உசரமாத் தெரியுமே.” கணக்கும் அதுதான், வாணியம்பாடி நிலநடுக்கோட்டுக்கு இன்னும் ஏழு பாகை கிட்டே இருக்கிறது. அவர் பார்க்க விரும்பியது துருவ நட்சத்திரத்தை. ஊரில் அடிவானப் புழுதியில் மங்கிக் கிடப்பது இங்கே இருபது பாகை உயரத்தில் பளிச்சென்று இருந்தது.

திரும்பும் வழியில் வண்டியில் பாதிப்பேர் தூங்கிவிட்டார்கள். கோனாவின் தெருவிளக்குகள் எல்லாம் நீல ஒளியை வடிகட்டிய மஞ்சள் விளக்குகள், அதுவும் தொலைநோக்கிகளுக்காகத்தான். அத்தை கேட்டார்: “ஏன் மாப்பிள்ளை, பதிமூணு தொலைநோக்கி கட்டினப்ப இருந்த மலைதானே இது? பதினாலாவதுக்கு மட்டும் சாமி வந்துடுச்சா?”

பதிமூன்று கட்டும்போது யாரும் அவர்களைக் கேட்கவில்லை, அதனால்தான் பதினாலாவதில் கோபம் என்றேன். அந்தக் கட்டடம் பதினெட்டு மாடி உயரம், இருக்கும் எதையும்விடப் பெரியது. இரண்டடி நடந்து ஏறுவதையே வேண்டாம் என்று நம்மைக் கேட்டுக்கொள்கிறவர்கள் அதை எப்படிப் பொறுப்பார்கள்? அத்தைக்கு இதெல்லாம் புரியாமல் இல்லை. “நீங்க ஏறலைன்னா யாருக்கும் நஷ்டமில்ல. அதைக் கட்டலைன்னா அந்த வெளிச்சம் யாருக்கும் கிடைக்காது” என்றார். மலையிலிருந்து திரும்பிய இயற்பியல் ஆசிரியையோடு நள்ளிரவில் வாதம் செய்வதில் பயனில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் ஒன்றான லா பால்மாவுக்கு அதை மாற்றும் பேச்சு வலுத்திருக்கிறது. 2025-இல் ஸ்பெயின் அரசு 40 கோடி யூரோ வரை தருவதாக அறிவித்தது. உயரம் குறைவு, காற்றில் ஈரம் அதிகம், அகச்சிவப்பு ஆய்வுக்குக் கொஞ்சம் இழப்புதான். ஆனாலும் அதுவே சரி என்பது என் கட்சி. ஊருக்குத் திரும்பியதும் அத்தையிடம் சொன்னேன். அது என்ன மலை என்று கேட்டார். அதுவும் எரிமலைத் தீவுதான், தெற்குப் பாதியில் 2021-இல்கூட வெடித்தது. “அப்ப அங்க சாமி இல்லையா?” என்றார். இருந்தது. ஸ்பெயினின் காஸ்தீலியர்கள் 1493-இல் அந்தத் தீவைப் பிடிப்பதற்கு முன்பு, அங்கிருந்த பூர்வகுடிகள் இடாஃபே என்ற பாறைத் தூணுக்குப் படையல் வைத்து வந்தார்கள். அந்தத் தீவின் வானாய்வகம் எந்தப் பெரும்பள்ளத்தின் விளிம்பில் இருக்கிறதோ, அதற்குள் அந்தப் பாறை இன்னும் நிற்கிறது. கும்பிடத்தான் ஆள் இல்லை. சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று நீதிமன்றத்துக்குப் போனது, சாலையில் நாற்காலி போட்டு உட்காரப் பெரியவர்கள் யாரும் வரவில்லை.

“அப்ப நீங்க மரியாதைக்காக இடம் மாத்தச் சொல்லல மாப்பிள்ளை. அங்க கேக்க ஆள் இல்லைங்கறதுக்காகச் சொல்றீங்க” என்று சொல்லிவிட்டு அத்தை டிகாஷன் இறக்கப் போய்விட்டார்.